மார்கழியில் நக்கிய எலும்பு

மலாக்காவின் காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் செருப்புகளைவிடக் கற்கள்தான் அதிகம் கிடக்கும். அதற்கு என் வாயைத் தவிர வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. நான் அப்போது பெண்கள் பள்ளியில் இயற்கைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி தன் அப்பாவின் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைக்கும் கல்லைக் கொண்டுவந்து காட்டினாள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மரத்தின் வளையங்கள் தெரிந்தன. "இது வெறும் கல் இல்லம்மா, கல்லாகிப்போன மரம். மனுஷங்களுக்கெல்லாம் முந்தினது" என்று சொல்லிவிட்டேன். அவள் வீட்டில் போய்ச் சொல்ல, அவள் அப்பா கோப்பிக் கடையில் சொல்ல, அடுத்த வாரத்திலிருந்து பட்டணத்தில் யார் காலில் எந்தக் கல் இடறினாலும் அதைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை காலையில் நிம்மதியாகப் பசியாற வேண்டும் என்பதைத் தவிர உலகத்திடம் அவர் வேறெதையும் கேட்டதில்லை. "வாசல்ல ஒரு போர்டு மாட்டிடு லா. கல்லு டாக்டர்னு."

வந்த கற்களில் பெரும்பாலானவை கற்களாகவே இருந்தன. ஆற்றில் உருண்ட கூழாங்கல் முதலை முட்டையாகி வந்தது. தண்ணீர் காய்ச்சும் கெத்தலின் அடியில் படிந்திருந்த சுண்ணாம்பு மீன் செதிலாகி வந்தது. எங்கள் பக்கத்துச் செம்பூராங்கல் மழையிலும் வெயிலிலும் நினைத்த வடிவமெல்லாம் எடுக்கக்கூடியது. ஒருவருக்கு அது குரங்கின் மண்டை, இன்னொருவருக்கு ஆமையின் முதுகு. நான் கண்ணாடியை வைத்துப் பார்ப்பேன், ஒரு சொட்டுப் புளிக்காடி விட்டுப் பார்ப்பேன், "கல்லுதாங்க" என்பேன். எனக்கு மழுப்பத் தெரியாது. பொய் சொல்ல வாய் திறந்தால் காது முதலில் சிவந்துவிடும். வந்தவர்கள் முகம் தொங்கிப் போவார்கள், அடுத்த மாதம் வேறொரு கல்லோடு மறுபடி வருவார்கள். நம்பிக்கைக்கு மட்டும் இந்த ஊரில் பஞ்சமே இருந்ததில்லை.

ஆனால் மற்றவர்கள் எல்லாம் ஒரு பக்கம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மாமா ஒரு பக்கம்.

எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் மலாக்கா செட்டிகளின் கம்பம், அதாவது குடியிருப்பு. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இந்த மண்ணோடு கலந்துவிட்ட தமிழர்கள். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். தமிழ் அவர்கள் நாக்கை விட்டுப் போகும்போது மாமா, மாமி போன்ற சில சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டது. அதனால் வேலிக்கு அந்தப் பக்கத்து வயதான தம்பதியை நாங்கள் மாமா, மாமி என்று கூப்பிடுவதில் யாருக்கும் சிரமமில்லை. அவர்கள் என்னிடம் பேசியதெல்லாம் அவர்களுடைய மலாயில்தான். என் மனதில் தங்கிய தமிழில்தான் இங்கே அதை எழுதுகிறேன்.

மாமா நில அலுவலகத்தில் வரைபடங்களைச் சுருட்டி அடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க நிலத்தைக் காகிதத்தில் பார்த்தவருக்கு, ஓய்வு பெற்றதும் அதை நேரில் பார்க்க ஆசை வந்துவிட்டது. பண்டார் ஹிலிர் கரையில் கடல் உள்வாங்கினால் அங்கே நிற்பார். குருபோங்கில் யாராவது கிணறு தோண்டினால் சைக்கிளில் போய் எட்டிப் பார்ப்பார். ஆயர் குரோ பக்கம் தார்ச் சடக்குப் போட மேடு வெட்டினால், வேலையாட்கள் மண்வெட்டியை வைப்பதற்கு முன்னால் இவர் குந்தியிருப்பார். கண்ணில் பட்டதையெல்லாம் பிஸ்கட் டின்களில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். டின்கள் முதலில் கட்டிலுக்கடியில் இருந்தன. பிறகு படிக்கட்டுக்கு வந்தன. கடைசியில் கூடத்தையே பிடித்துக்கொண்டன.

கம்பத்துப் பிள்ளைகள் அவருக்கு 'தோக் பாத்து', அதாவது கல்லுத் தாத்தா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. மெர்டேக்கா, அதாவது நாட்டுச் சுதந்திரம், கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சில கடைகளில் புதுக்கொடியை இன்னும் கழற்றவில்லை. மாமா வேலியோரம் நின்று என்னிடம் சொல்வார்: "நாடு புதுசு டீச்சர். புது நாட்டுக்கு ஒரு பழைய சாமானாவது சொந்தமா இருக்க வேணாமா? நான் ஒண்ணு கண்டுபிடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்." அவர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் வரும், அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கும்.

மாமிக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்தக் கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர் அவர்தானே. மார்கழி முடியப் போகும் நேரம். ஒரு மாலை வேலியோரம் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், போகி வருது. எங்க பெரியவங்க சாப்பிட வர்ற நாள். கூடத்துல இலை போடணும். அவங்க எங்க உட்காருவாங்க? இவர் கல்லு மேலயா?"

அவர் சொன்னது பார்ச்சு என்ற படையலை. பொங்கலுக்கு முந்தின நாள், செத்துப்போன பெரியவர்களுக்கெல்லாம் கூடத்தில் வரிசையாக வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். பெரியவர்கள் வந்து சாப்பிட்டுப் போன பிறகுதான் மற்றவர்களுக்குச் சோறு. அதில் மாமி ஒரு அப்பளத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

"நான் ஒரு முடிவு பண்ணிட்டேன்" என்றார். "நீங்க வந்து எல்லாத்தையும் பாருங்க. நெசமாவே பழசுன்னு நீங்க சொல்றது வீட்டுல இருக்கட்டும். வெறும் கல்லுன்னு சொல்றது பின்னால பள்ளத்துக்குப் போகட்டும். மழை பெஞ்சா அங்க தண்ணி நிக்குது. கல்லுக்கும் ஒரு வேலை கிடைக்கும்."

மாமா இதற்கு உடனே தலையாட்டிவிட்டார். தன் கற்களின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். "நாலு கல்லையாவது பழசுன்னு சொல்லிடேன். அந்த மனுசன் சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும். கல்லுன்னாலே பழசுதானே லா."

"பழசா இல்லையாங்கிறது கேள்வியே இல்ல. ஒரு காலத்துல அதுக்கு உயிர் இருந்துச்சாங்கிறதுதான் கேள்வி."

"ஒனக்குக் கொஞ்சமாவது இரக்கம் இருக்கா?"

"இரக்கம் இருக்கு. பொய்தான் இல்ல" என்றேன். பெரிதாகப் பேசிவிட்டேனே தவிர, சாப்பிட்டதும் புத்தகத்தை எடுத்து, மாமாவுக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். மாமி ஒரு தட்டு நிறையக் குவே கோச்சிப் பலகாரமும் தேத்தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். ஜன்னல் ஒவ்வொன்றிலும் கம்பத்து முகங்கள் வேடிக்கை பார்க்க நின்றன. தீர்ப்புச் சொல்ல வந்த நீதிபதிக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடந்திருக்காது.

மாமா டின்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு ஊர், ஒரு மழை, ஒரு சைக்கிள் பஞ்சர் இருந்தது. கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் கல்லுதான். "கல்லு மாமா." அடுத்தது. "இதுவும் கல்லு." அடுத்தது. "இது பவளம். ஆனா பழசு இல்ல, போன மாசம்கூட உயிரோட இருந்திருக்கும்." ஜன்னலில் சிரித்தார்கள், மாமாவும் சேர்ந்து சிரித்தார். அவர் பதறாததற்குக் காரணம் இருந்தது. அவருடைய தங்கச் சுரங்கத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

ஒரு பழைய கைலியில் சுற்றியிருந்த பலகைக் கல்லை எடுத்து என் மடியில் வைத்தார். பண்டார் ஹிலிர் சேற்றில் எடுத்தது. வெள்ளைக் கல்லுக்குள் சிப்பிகளும் சின்னச் சங்குகளும் வரி வரியாகப் பதிந்திருந்தன. என் புத்தகத்தில் இருந்த படங்களில் சிப்பிக்கல் அப்படித்தான் இருக்கும். கண்ணாடியை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். இரண்டு சிப்பிகளுக்கு நடுவில் கடுகளவு சிவப்பாக ஏதோ தெரிந்தது. இன்னும் கிட்டப் போனேன். செங்கல் துணுக்கு.

வேறு ஊராக இருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. மலாக்காவில் போர்த்துகீசியனும் டச்சுக்காரனும் மாறி மாறிச் சுவர் கட்டினார்கள். கரையில் கிடந்த சிப்பியை அள்ளிச் சுண்ணாம்போடு குழைத்துத்தான் கட்டினார்கள். பிறகு இங்கிலீஷ்காரன் வந்து இடித்துக் கடலில் தள்ளினான். மாமா தூக்கி வந்தது அப்படி ஏதோ ஒரு சுவரின் சாந்து.

நான் கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, இடத்தைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவரே சொன்னார், "செங்கல்." ஜன்னலில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். மாமா அந்தப் பலகையைக் கைலியில் மறுபடி சுற்றி, யாரும் சொல்லாமலே பள்ளத்துக்குப் போகும் குவியலில் கொண்டுபோய் வைத்தார். எனக்கு அழுகை முட்டியது. மாமி ஜெயித்திருந்தார், ஆனால் அவர் முகத்தில் அது தெரியவில்லை. ஆறிப்போன தேத்தண்ணீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

எழுந்துகொள்ளலாம் என்று தரையில் கையை ஊன்றியபோது காலியாகிவிட்ட டின் ஒன்றின் மூடி மேல் ஒரு கல் துண்டு இருந்தது. மூடி திறந்துகொள்ளாமலிருக்க வைத்த பாரம். "அது என்ன மாமா?"

"அது ஒண்ணுமில்ல டீச்சர். உடைஞ்ச அம்மி. கால்வாய் கட்ட லாரியில ஆத்து மணல் கொட்டினாங்க, அதுல கிடந்தது."

கையில் எடுத்தேன். அம்மி கொத்தினது போல மேலே வரி வரியாக மேடுகள் இருந்தன. ஆனால் அம்மியைக் கொத்துகிறவன் குழிதான் போடுவான், இவ்வளவு ஒழுங்காக மேடு எழுப்ப மாட்டான். ஒவ்வொரு மேட்டின் ஓரத்திலும் பீங்கான் மாதிரி மெல்லிய கோடு ஓடியது. அளவுக்கு மீறிய கனம். உடைந்த பக்கத்தைத் திருப்பினேன். ஊசி முனை போன்ற துளைகள்.

எலும்பு கல்லாகும்போது அதன் நுண்ணிய துளைகள் பல சமயம் அப்படியே தங்கிவிடும். நாக்கு நுனியை வைத்தால் லேசாக ஒட்டி இழுக்கும், சாதாரணக் கல் அப்படி இழுக்காது. எலும்பைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி அதுதான். நாலு பேர் முன்னால் செய்கிற காரியமல்ல. ஆனால் எனக்கு அப்போது நாலு பேர் நினைவே இல்லை. அந்தத் துண்டை வாய்க்குக் கொண்டுபோய் நாக்கை வைத்தேன். ஒட்டியது!

"துலாங்!" என்று மலாயில் கத்தினேன். "மாமா, எலும்பு! இது நெசமாவே எலும்பு!"

மாமாவைத் தவிர ஒருவர் முகத்திலும் சந்தோஷமில்லை. ஜன்னலில் இருந்த முகங்களைக் காணோம். மாமி கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"யாரோட எலும்பு?" என்றார் மாமி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரியவர்கள் சாப்பிட வரப்போகும் வீட்டில், பார்ச்சுக்கு இலை போடும் கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஊர் பேர் தெரியாத எலும்பு ஒன்று இங்கே இருக்கிறது என்று கூவியிருக்கிறேன். தீட்டு. ஆற்று மணலில் வந்தது. ஆற்றங்கரையில் யாரை எரித்தார்களோ, யாரைப் புதைத்தார்களோ. கல் என்று சொல்லியிருந்தால் பள்ளத்துக்குப் போயிருக்கும். எலும்பு என்றதால் வீட்டிலேயே இருக்கக் கூடாததாகிவிட்டது. இப்படி இருதலைக் கொள்ளி எறும்பாக நான் அதற்கு முன்னும் மாட்டியதில்லை, பின்னும் மாட்டியதில்லை.

மாமி எழுந்து நின்றார். "அதை வெளிய கொண்டுபோங்க. யாரா இருந்தாலும் பாவம், கடல்ல விட்டுடுங்க, புண்ணியமாப் போகும். போகிக்கு முன்னாடி அது கடலுக்குப் போயிடணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். 'நீங்க' எல்லாம் போய்விட்டது. "பொண்ணே, நீ அதை நக்கினே! போ, போய் வாய் கொப்பளி!" மஞ்சள் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து ஒரு சொம்பு நிறையக் கொடுத்தார். எல்லோரும் பார்க்க, கொல்லையில் நின்று சொம்பு காலியாகும்வரை கொப்பளித்தேன்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். "மார்கழி மாசம், முட்டைகூட வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு எனக்குச் சட்டம். நீ போய் எலும்பையே நக்கிட்டு வந்திருக்கே!" இன்றுவரை எங்களுக்குள் சண்டை வந்தால் அவர் கடைசியாக எடுக்கும் ஆயுதம் இதுதான்.

மாமா கடலுக்குப் போகவில்லை. எலும்பை வெளியே கொண்டுபோகச் சொன்னார்கள், கொண்டுபோனார். வாசலில் இருந்த ரம்புத்தான் மரத்தடியில் ஒரு முக்காலியைப் போட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரச் சொன்னால், "இதை விட்டுட்டு வரமாட்டேன்" என்றார். மாமி, "அப்ப அங்கயே இருங்க" என்றார். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் தட்டை மூடி எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தவரும் மாமிதான். தட்டை வைக்கும்போது டங்கென்று வைப்பார். அது கோபம். தட்டில் பொரித்த மீனின் நடுத்துண்டு இருக்கும். அது வேறு.

நான் மாமியிடம் போய் நின்றேன். "போகி வரைக்கும் டைம் குடுங்க மாமி. யாரோட எலும்புன்னு நான் சொல்றேன். மனுஷங்களோடதுன்னு தெரிஞ்சா நானே கொண்டுபோய்க் கடல்ல விடறேன்." மாமி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

எனக்கு அந்தத் துண்டின் வரிகளை எங்கோ பார்த்த நினைவு இருந்தது. பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே ஞாபகம் வந்துவிட்டது. சுதந்திரம் வந்ததும் ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் தோட்ட மேனேஜர், தூக்கிக்கொண்டு போக முடியாத சாமான்களையெல்லாம் எங்கள் பள்ளிக்கு விட்டுப் போயிருந்தார். பாடம் பண்ணின பாம்பு, மான் கொம்பு, அவற்றோடு ஒரு யானையின் கடைவாய்ப் பல். அலமாரியில் தூசு படிந்து கிடந்தது. தலைமை ஆசிரியையிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி, பிரம்புக் கூடையில் வைத்து, பேச்சா என்ற சைக்கிள் ரிக்ஷாவில் ஏறி நேராக ரம்புத்தான் மரத்தடிக்கு வந்தேன்.

மாமாவின் மடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். யானையின் கடைவாய்ப் பல் நம் பல் மாதிரி இருக்காது. அரைப்பதற்கென்றே மேலே வரிசை வரிசையாக மேடுகள், ஒவ்வொரு மேட்டைச் சுற்றியும் பீங்கான் மாதிரி ஒரு விளிம்பு. பள்ளிக்கூடப் பல்லில் அவை இருந்தன. மாமாவின் துண்டிலும் அதே மேடுகள், அதே விளிம்பு. ஆனால் இதில் மேடுகள் கொஞ்சம் தடிப்பு, கொஞ்சம் விலகி. கனத்தைத் தூக்கிப் பார்த்தால், பாதிகூட இல்லாத இந்தத் துண்டு முழுப் பல்லோடு போட்டி போட்டது. உள்ளே அத்தனையும் கல்லாகியிருந்தது. பிற்பாடு கோலாலம்பூரிலிருந்து வந்து பார்த்த நிலவியல்காரர் ஒருவரும் அதையேதான் சொன்னார்.

"மாமா" என்றேன், "இது யானைப் பல். இப்ப காட்டுல இருக்கிற யானை இல்ல, அதோட தூரத்துச் சொந்தம். எத்தனை ஆயிரம் வருஷம்னு சொல்ல எனக்குப் படிப்புப் பத்தாது. ஆனா பழசு. ரொம்பப் பழசு. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க."

மாமா இரண்டு பல்லையும் மாறி மாறித் தொட்டார்.

மலாயில் யானைக்கு 'காஜா' என்று பெயர்; அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஜன்னலிலிருந்து மறைந்த முகங்களெல்லாம் மரத்தடிக்கு வந்துவிட்டன. காஜா பேராங் என்று நம் இடத்துக்குப் பெயர் கொடுத்த கோபக்கார யானையின் பல்தான் இது என்று அங்கேயே முடிவு கட்டினார்கள். "இல்லைங்க, பேர் வெச்சவங்க நேத்து வந்தவங்க, இது அதுக்கெல்லாம் முந்தினது" என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"மனுஷ எலும்பு இல்லையா?"

"இல்ல மாமி. யானை."

மாமியின் தோள் இறங்கியது. பிறகு மறுபடி ஏறியது. "யானையா இருந்தாலும் எலும்பு எலும்புதானே?"

"இப்ப அது கல்லு மாமி."

"அப்ப பள்ளத்துக்குப் போகட்டும்."

"மாமி!"

"கல்லா, எலும்பா? ஏதாவது ஒண்ணு சொல்லு பொண்ணே."

மரத்தடியிலேயே உட்கார்ந்து, நிதானமாகச் சொல்லிப் பார்த்தேன். யானை செத்து மண்ணுக்குள் போகிறது. மழைத் தண்ணீர் மண் வழியாக ஊறி எலும்புக்குள் இறங்குகிறது. எலும்பு துளித் துளியாகக் கரைய, கரைந்த இடத்தில் தண்ணீரில் வந்த கல் துளித் துளியாக உட்காருகிறது. கடைசியில் யானையுடையது என்று மிஞ்சுவது உருவம் மட்டுந்தான். மாமி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப இங்க மலாக்கா இருந்துச்சா?"

"மலாக்காவும் இல்ல, கோட்டையும் இல்ல. யாருமே வரல மாமி."

"எங்களுக்கும் முந்தி? மலாய்க்காரங்க, சீனங்க எல்லாருக்கும் முந்தி?"

"எல்லாருக்கும்."

மாமி அந்தத் துண்டை ஒரு முறை பார்த்தார். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மாமா முக்காலியை விட்டு எழவில்லை.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னு சொல்வாங்க" என்றார் என் வீட்டுக்காரர் அன்று மாலை. "மாமிகிட்ட அந்தக் கணக்கெல்லாம் செல்லாது போலிருக்கு."

போகி அன்று எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு போனதும் என் கண் முதலில் ரம்புத்தான் மரத்தடிக்குத்தான் போனது. முக்காலி காலியாக இருந்தது. மாமாவும் இல்லை, பல்லும் இல்லை. பின்னால் பள்ளத்தில் கற்கள் நிரவியிருந்தன. டின் டினாக மாமாவே கொண்டுவந்து கொட்டியிருக்க வேண்டும். பல் கடலுக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன். ஒரு நல்ல நாளில் இந்த வீட்டுக்கு ஏன் வந்தோம் என்று ஆகிவிட்டது.

படியேறினேன். கூடம் துடைத்துப் பளபளவென்று கிடந்தது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் வாழையிலைகள். ஒவ்வொரு இலையிலும் ஒவ்வொருவருக்குப் பிடித்தது. மாமியின் மாமனாருக்கு இறால் சம்பால், மாமியாருக்குப் புளிமீன், யாரோ ஒரு சித்தப்பாவுக்கு ஒரு கோப்பை பிராந்தி. மாமா புதுக் கைலி உடுத்தி விளக்கில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கடைசி இலை கதவோரம் இருந்தது. அதில் சோறு இல்லை. தோல் சீவாத கரும்புத் துண்டுகள், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கட்டுப் பசும்புல். இலையின் தலைமாட்டில், மடித்த வெள்ளைத் துணி மேல், மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிய அந்தப் பல்.

மாமி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "பேர் தெரியாத பெரியவங்களுக்குன்னு எப்பவும் ஒரு இலை போடுவோம். இது எல்லாருக்கும் மூத்ததுன்னு சொன்னே. மூத்தவங்களைக் கடல்ல போட்டுட்டு மத்தவங்களை எப்படிச் சாப்பிடக் கூப்பிடறது?" பிறகு விரலை நீட்டினார். "நீ மட்டும் மறுபடி நக்கிடாதே."

காலையில் நடந்ததை மாமா பிறகு என்னிடம் சொன்னார். விடிந்ததும் மாமி மரத்தடிக்கு வந்து நின்றிருக்கிறார். கடலுக்கு எடுத்துப் போகச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று மாமா மடியிலிருந்த பல்லை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மாமி கேட்டது இவ்வளவுதான்: "யானைக்கு என்ன பிடிக்கும்?" இத்தனை வருஷத்தில் அவர் கொண்டுவந்த கல்லைப் பற்றி மாமி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. கரும்பு, வாழைப்பழம், பசும்புல் என்று மாமா விரல் மடக்கிச் சொன்னாராம்.

விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, எல்லோரும் விழுந்து கும்பிட்ட பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம். உள்ளே பெரியவர்கள் சாப்பிடும் நேரம். சத்தம் போடக் கூடாது. கம்பத்துப் பிள்ளைகள்கூடச் சுவரோரம் கைகட்டி நின்றார்கள். உள்ளேயிருந்து சம்பால் வாசனை கதவிடுக்கு வழியாக வந்து எல்லோர் வயிற்றையும் கிள்ளியது. என் வீட்டுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மார்கழி இன்று முடிகிறது என்பதை அவர் காலையிலிருந்து நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார்.

வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் முடிந்தது. மாமா எழுந்து கதவில் கை வைத்தார். மாமி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் மெதுவாக. "மத்தவங்க சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க. உங்க யானை இப்பத்தான் கரும்பைத் தொட்டிருக்கும்."

மாமா கதவிலிருந்து கையை எடுத்தார். கண்ணைக் கைலி நுனியால் துடைத்துக்கொண்டு மாமிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் பசியோடு யானைக்காகக் காத்திருந்தோம்.